தெள்ளு என்னும் சொல்: இடுகுறியும் காரணமும்

கற்பிட்டி என்னும் ஊர்ப் பெயரைப் பிரித்துக் காட்டுமாறு கேட்டால், நன்னூல் படித்த மாணவன் தயங்கமாட்டான். கல் என்பது நிலைமொழி. பிட்டி என்பது வருமொழி. வல்லினம் வர லகரம் றகரமாயிற்று. பிட்டி மேட்டுநிலத்தைக் குறிக்கும் என்பர். ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிலே அங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கித் தம் நாவுக்கு ஏற்ப அப்பெயரைக் கல்பென்ரைன் எனத் திரித்துக்கொண்டனர். எனினும் ஊராரின் வாயிலே பழைய பெயர் குலையாமல் நின்றது. இனி, அவ்வூரின் மணல் ஒழுங்கையிலே படுத்திருக்கும் நாய் திடீரெனத் திரும்பித் தன் முதுகைக் கடிக்கும்போது, அங்கே துள்ளி மறையும் சிற்றுயிரின் பெயரைப் பிரித்துக் காட்டுமாறு அதே மாணவனைக் கேட்கலாம். தெள்ளு என்பது அதன் பெயர். வகுப்பிலே தெள்ளுதமிழ் என்றும் தெள்ளியர் என்றும் படித்தவன் அச்சொற்களின் வேர் இங்கும் உண்டென்று நம்பிவிடுவான். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே ஆராய்தற்குரியது.

தெள் என்னும் அடியிலிருந்து கிளைத்த சொற்குடும்பம் தமிழிலே பெரிது. தெளிதல், தெளிவு, தெள்ளிமை, தெள்ளமுது என்பன ஒரு பக்கம். மெல்லின எழுத்து வந்த தெண்ணீர், தெண்கடல், தெண்டிரை என்பன மறுபக்கம். கலங்கல் நீங்குதல் என்னும் ஒரே கருத்து இவையனைத்திலும் ஊடுருவிச் செல்கின்றது. வினையாகிய தெள்ளுதல் இக்கருத்தை அடுக்களைக்குக் கொண்டுவருகின்றது. சுளகு பிடித்த கைக்கு மூன்று வேறு தொழில்கள் உண்டு. புடைத்தல் உமியைப் பறக்கவிடுதல். கொழித்தல் கல்லையும் மணியையும் பிரித்தல். தெள்ளுதல் மெல்லத் தட்டி அசைத்து நுண்ணியதைப் பரியதினின்றும் வேறாக்குதல். மாவுக்கும் நொய்க்கும் உரியது இம்மூன்றாம் தொழில். அரிசி ஆலைகள் வந்தபின் சுளகின் வேலை குறைந்துவிட்டமையால், இம்மூன்றையும் வேறு பிரித்துச் சொல்லத் தெரிந்தோர் தொகையும் குறைந்து வருகின்றது. அகராதியைப் புரட்டுவோர்க்கு மூன்றும் ஒன்றேபோலத் தோன்றும். சுளகைப் பிடித்தவர்க்கு அவ்வாறு தோன்றாது.

சுளகிலே தெள்ளும்போது நுண்மணிகள் தத்தித் தத்தி விளிம்பை நோக்கி நகரும். அக்காட்சியைக் கண்ட ஒருவர், நாயின் மயிரிடையே தத்தும் உயிரும் அதனாலேயே தெள்ளு எனப்பட்டது என்று கூற விரும்பினால், அவரைக் குறைகூற முடியாது. உவமை அழகியது. ஆனால் உவமையின் அழகு சொற்பிறப்புக்குச் சான்றாகாது. தமிழிலே வினையடியாக உயிர்களுக்குப் பெயர் அமையும் முறை பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்லும். உண்பது உண்ணி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, மீனைக் கொத்துவது மீன்கொத்தி. வினைமுதலைக் காட்டும் இகரம் ஈற்றில் வந்து நிற்கின்றது. அம்முறைப்படி தெள்ளுவது தெள்ளி எனப்பட்டிருக்க வேண்டும். தெள்ளு என்று முதனிலை மாத்திரம் நின்று அத்தொழிலையுடைய உயிரைக் குறிக்கின்றது எனின், அதனைத் தொழிலாகுபெயர் என்று சாதிக்கவேண்டி வரும். இலக்கணம் அதற்கு இடந்தரும், வழக்குத் தராது. வற்றல் என்னும் தொழிற்பெயர் உணவுப்பொருளுக்கு ஆகிவந்தது, அப்பொருள் உண்மையில் வற்றியமையால். நாயின் மேலுள்ள தெள்ளோ எதனையும் தெள்ளுவதில்லை.

இதனினும் கவர்ச்சியுடையது துள்ளு என்னும் சொல்லோடு தெள்ளை உறவாக்கும் கொள்கை. பொருள் அங்கே முழுவதும் பொருந்துகின்றது. இவ்வுயிருக்குச் சிறகில்லை, பாய்ச்சலே அதன் வாழ்வு. பெனற்–கிளார்க், லூசி என்னும் இருவர் 1967இல் வெளியிட்ட ஆய்விலே, தசையின் விரைவு மாத்திரம் அப்பாய்ச்சலுக்குப் போதாதென்றும், ரெசிலின் எனப்படும் இறப்பர் போன்ற புரதத்திலே ஆற்றல் சேமிக்கப்பட்டு வில்லிலிருந்து அம்பு விடுபடுவதுபோல விடுபடுகின்றதென்றும் காட்டினர். துள்ளுவதற்கென்றே படைக்கப்பட்ட உயிரைத் துள்ளு என்று அழைத்தால் யார் மறுப்பார்? மறுப்பது ஒலிநூல். தமிழ்ப் பேச்சிலே உயிர்கள் மாறும் வழிகள் நன்கு அறியப்பட்டவை. இலை எலையாகும், உலகம் ஒலகமாகும். இகரம் எகரத்தோடும் உகரம் ஒகரத்தோடும் மாறுதல் இயல்பு. உகரம் எகரமாய்த் திரிந்து துள்ளு தெள்ளாவதற்கு அவ்வழியில் இடமில்லை. பொருள் இனிதாகப் பொருந்தும் இடத்திலேதான் ஒலியை மிகுந்த கண்டிப்போடு விசாரிக்க வேண்டும். ஏனெனில் விருப்பம் அங்கேதான் கண்ணை மறைக்கின்றது. குறிலை நெடிலாக்கித் தேளோடு தெள்ளை இணைப்பதும் இவ்வகையினதே. கடிக்கும் உயிர்கள் எல்லாம் ஒரு குடும்பம் எனில் நுளம்பையும் அங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் வேலை என்று நாட்டார் சொல்வது இதனைத்தான் போலும்.

சொற்பொருளின் காரணம் பார்த்த அளவிலே புலப்படாது என்ற கருத்து தொல்காப்பியத்திலேயே உண்டு. அதனைச் சிலர், எல்லாச் சொல்லுக்கும் காரணம் எங்கோ மறைந்திருக்கின்றது, தோண்டினாற் கிடைக்கும் என்பதற்கு ஆணையாக எடுத்துக்கொள்வர். அதனை எச்சரிக்கையாகக் கொள்வதே சால்புடையது. ஈ, எறும்பு, பேன், ஈர், தேள், நண்டு, வண்டு என்று தமிழின் பழைய சிற்றுயிர்ப் பெயர்களை நிரைப்படுத்திப் பார்த்தால், அவற்றுட் பலவும் காரணங் காட்டாத இடுகுறிப் பெயர்களாக நிற்பது புலனாகும். பேன் என்னும் சொல் மலையாளத்திலும் தெலுங்கிலும் சிறு வேறுபாட்டோடும், கன்னடத்திலே பகரம் ஹகரமாகியும் வழங்குவது அதன் தொன்மையைக் காட்டும். தெள்ளு இவ்வரிசையிலே ஒன்றாக நிற்கத் தக்கது. தெளிவைக் குறிக்கும் தெள்ளு வேறு சொல். கடிக்கும் தெள்ளு வேறு சொல். எழுத்து ஒன்றாயிருப்பது தற்செயல்.

இவ்விரண்டையும் ஒரு சொல்லாக எண்ணவைத்தது யாது என்று வினவின், நிகண்டு மரபையும் நினைக்க வேண்டியிருக்கும். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டிலே பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி. திண்ணைப் பள்ளியிலே அதனை மனப்பாடஞ் செய்த தலைமுறைகள், ஒலியால் ஒன்றானவை அனைத்தையும் ஒரு சொல்லின் பல பொருள்களாகவே எண்ணிப் பழகின. நிகண்டைக் குறைகூறுதல் நியாயமன்று. அதன் நோக்கம் நினைவில் நிறுத்துதல். வரலாறு காட்டுதல் அன்று. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி செய்யுளை விட்டு அகரவரிசைக்கு வந்தது. வின்சிலோ 1862இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரையிலும் பேரகராதிகளை வெளியிட்டனர். அகரவரிசை வந்தபின் மனப்பாடத்துக்கான காரணம் மறைந்துவிட்டது. ஆயினும் பழக்கம் மறையவில்லை. இன்றும் பள்ளி அகராதிகளைத் தொகுப்போர் தெளிவையும் பூச்சியையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுத்தடுத்து நிறுத்துவாராயின், மாணவன் இரண்டுக்கும் உறவு தேடத்தான் செய்வான்.

அகரவரிசையின் பயனைக் கற்பிட்டியார்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1807இல் அவ்வூரிலே பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவர். 1859இலே தமிழ்ப் புலவர் வரலாற்றையும் அவ்வரிசையிலேயே அமைத்தார். ஒன்றோடு ஒன்று மயங்கக்கூடிய பெயர்களை வேறு வேறாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் உரிய செய்தியைத் தரும் அம்முறையே சொல்லுக்கும் வேண்டியது.

வழக்கு தானே ஒரு வழி கண்டுகொண்டது என்பதையும் மறத்தல் கூடாது. தெள்ளு என்றால் மயங்கும் என்று கண்டபோது, பூச்சி என்னும் பொதுப்பெயரை ஒட்டித் தெள்ளுப்பூச்சி என்றனர். சாரைப்பாம்பு போல இது இருபெயரொட்டு. கிறித்தவ வேதத்தின் தமிழ்ப் பெயர்ப்பிலே, சாமுவேலின் முதலாம் நூல் 24ஆம் 26ஆம் அதிகாரங்களில், தன்னைத் துரத்தும் அரசனை நோக்கித் தாவீது தன்னை இவ்வுயிருக்கு ஒப்பிடும் இடங்களிலே இவ்வொட்டுச்சொல்லே ஆளப்பட்டது. அரசன் படையோடு புறப்பட்டுத் தேடுவது பிடிபடாத ஓர் அற்பத்தை என்பதே அங்குள்ள குத்தல். பேன் என்றோ உண்ணி என்றோ பெயர்த்திருந்தால் அற்பத்தன்மை நின்றிருக்கும், பிடிபடாமை போயிருக்கும். மொழிபெயர்ப்பாளர் சரியான உயிரைத் தெரிந்தமையாற் குத்தலின் இரு முனைகளும் தப்பின.

சரியான உயிரைத் தெரிதல் கதையின் போக்கையே மாற்றவல்லது என்பதற்குப் பஞ்சதந்திரம் சான்று. அரசன் பள்ளியறையிலே நெடுநாள் வாழ்ந்த சீலைப்பேன் ஒன்று. அதன் பெயர் மந்தவிசர்ப்பிணி, மெல்ல ஊர்வது என்பது பொருள். அங்கே விருந்தாக வந்து சேர்வது அக்கினிமுகன் என்னும் மற்றொன்று. அரசன் உறங்கும்வரை பொறுக்குமாறு பேன் சொல்லியும் அது பொறாமற் கடித்துவிடுகின்றது. ஏவலாளர் விளக்கோடு தேட, கடித்தது தப்புகின்றது. கடியாத பேன் அகப்பட்டு மாள்கின்றது. வடமொழியிலே இவ்விருந்தினன் மற்குணம், அதாவது மூட்டைப்பூச்சி. சிங்களத்தின் மகுணா என்னும் சொல்லும் அவ்வழி வந்ததே. யாழ்ப்பாணத்தார் மூட்டை என்ற அளவிலேயே அதனை அறிவர். கதை 6ஆம் நூற்றாண்டிலே பாரசீகத்துக்குச் சென்று, 8ஆம் நூற்றாண்டிலே இபின் அல்முகப்பா என்பவரால் அரபுக்கு வந்தபோது, மூட்டை தெள்ளாகிவிட்டது.

இம்மாற்றம் அற்பமானதன்று. மூட்டைப்பூச்சி கட்டிலின் மூட்டு இடுக்கிலே புகுந்து ஒளிக்கும். தெள்ளு துள்ளி ஓடும். மூட்டைக்குத் தப்பும் இடம் வேண்டும். தெள்ளுக்குத் தப்பும் ஆற்றலே போதும். முன்னதிலே பேனைக் கொன்றது அறையின் அமைப்பு. பின்னதிலே கொன்றது இரு உயிர்களின் இயல்பு வேற்றுமை. மெல்ல ஊர்வது என்று ஏற்கனவே பெயர்பெற்ற ஒன்றின் அருகிலே துள்ளும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தமையாற் கதையின் நீதி கூர்மை பெற்றது. மூலத்தினும் மொழிபெயர்ப்புச் சிறந்தது என்று துணிவது எப்போதும் இயலாது, ஈண்டு இயலும். தமிழிலே சீலைப்பேனும் மூட்டைப்பூச்சியும் என வழங்கும் வடிவம் வடமொழியைப் பின்பற்றியது. அதிலே பிழை இல்லை. ஆயின் சிறுவர் நூல்களிலே ஒருவர் மூட்டை என்றும் ஒருவர் உண்ணி என்றும் மனம்போனவாறு எழுதுவாராயின், அது கதையை அறியாமை. உண்ணி கடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனைக் கதையிலே வைத்தால் ஏவலாளர்க்கு விளக்கே வேண்டியிராது.

தமிழ்ச் செய்யுள் மரபு இவ்வுயிர்களை எங்கே வைத்தது என்பதையும் காணலாம். பொருநராற்றுப்படையிலே முடத்தாமக்கண்ணியார், கரிகாலனைக் காணுமுன் பொருநன் உடுத்திருந்த கந்தலைப் பாடுமிடத்து, அதிலே ஈரும் பேனும் குடிகொண்டிருந்தமையைக் கூசாது கூறினார். வறுமையின் அளவுகோலாக அவை அங்கே நிற்கின்றன. காதலுக்குத் தூதாகும் உரிமையோ வண்டுக்கும் தும்பிக்குமே உரியதாயிற்று. ஆங்கிலத்தில் ஜோன் டன், இருவர் குருதியும் தன் உடலுள் கலக்கப்பெற்ற ஒரு தெள்ளை வைத்துக் காதல் வழக்காடினார். அவர் இறந்து இரண்டாண்டுகள் கழித்து 1633இல் அது அச்சேறியது. புலமை விளையாட்டு என்ற அளவிலே அது வியக்கத்தக்கதுதான். பொருநனின் கந்தலைப் படித்தவர்க்கு அதிலே வயிறு நிறைந்தவன் விளையாட்டும் தெரியும்.

பிரெஞ்சு மொழியிலே இவ்வுயிரின் பெயர் புயிசு. அம்மொழியார் அப்பெயரை ஒருவகைக் கருஞ்செந்நிறத்துக்கு இட்டனர். பழம்பொருட் சந்தைக்குத் தெள்ளுச் சந்தை எனப் பொருள்படும் பெயரிட்டனர். இந்நாளிலே கணினியின் நுண்சில்லையும் அச்சொல்லாலேயே வழங்குகின்றனர். இத்தனை சுமையையும் ஏற்றியபின்னும் அச்சொல் பூச்சியை இழக்கவில்லை. இடுகுறிச் சொல்லின் வலிமை இதுவே. அதற்குள்ளே ஒரு காரணம் இல்லாமையால், அக்காரணம் பொருந்தும் பிறவற்றின்மேல் அது தானாகப் படராது. மக்கள் வேண்டுமென்று ஏற்றினாலன்றி வேறொன்றைச் சுட்டாது.

காரணப் பெயரின் நிலை வேறு. உண்ணி என்றால் உண்பது. மாட்டிலும் நாயிலும் ஒட்டி இரத்தம் உண்ணும் எண்காலுயிருக்கு அப்பெயர் மிகப் பொருத்தம். மாட்டைச் சுற்றித் திரியும் வெண்கொக்கும் அதனாலேயே உண்ணிக்கொக்கு ஆயிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முட்செடியும் நாயுண்ணி எனப்பட்டது. ஆனால் இரத்தம் உண்பவை பல. காரணம் எங்கெங்கே பொருந்துகின்றதோ அங்கெல்லாம் பெயரும் ஊர்ந்து செல்கின்றது. நாயின் மேல் எது காணப்படினும் உண்ணி என்று சொல்லிவிடும் வழக்கம் இவ்வாறு பிறந்தது. சிறகின்றிப் பக்கவாட்டில் தட்டையாய் மயிரிடையே வழுவிச் செல்லும் ஆறுகாலுடைய தெள்ளும், அசையாது ஊதிப் பருக்கும் உண்ணியும் ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டன. தெள்ளு என்னும் சொல்லுக்கு வந்த ஆபத்து அதற்குக் காரணம் கற்பிப்பவர்களால் மாத்திரம் வந்ததன்று. காரணம் உள்ள பக்கத்துச் சொல் அதன் வளவுக்குள் வேலி நகர்த்தியதாலும் வந்தது.

ஒன்றேபோலத் தோன்றும் இரண்டை வேறு பிரித்தலின் பயனை இலங்கை ஒருமுறை நேரிற் கண்டது. 1898இல் பிரெஞ்சு மருத்துவர் சிமொன்ட், கராச்சியிலே, எலியின் தெள்ளே கொள்ளைநோயைப் பரப்புகின்றது என்பதைச் சோதனையாற் காட்டினார். 1914இல் அந்நோய் கொழும்பிற் புகுந்தது. தமிழகத்தின் கோயம்புத்தூர்ப் பகுதியிலே பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு கோயில்கள் எழுந்ததும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பரவிய அந்நோயின் நினைவாகத்தான். அக்காலத்தில் இந்திய எலித்தெள்ளு என ஒன்றாகக் கருதப்பட்டதனுள் உண்மையில் இரண்டு இனங்கள் கலந்திருந்தன. 1903இல் ரொத்சைல்ட் விவரித்த கியோப்பிஸ் என்பது ஒன்று; 1911இல் அவரே விவரித்த அஸ்தியா என்பது மற்றொன்று. கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராயிருந்த ஃபேபியன் ஹேர்ஸ்ற், நகரத்தின் எலிகளில் இரண்டும் எவ்வெவ்விடத்தே உள்ளன என்று எண்ணிப் பார்த்தார். அஸ்தியா நோயைப் பரப்புவதில் வலிகுன்றியது. கியோப்பிஸ் மிகுந்த இடமே நோய் மிகுந்த இடம். சில ஊர்கள் அழியச் சில ஊர்கள் தப்பியமைக்கு அதுகாறும் வெப்பமும் காற்றும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஒரு பெயரின் கீழ் இரு பொருள் கிடந்தமையாற் பல ஆண்டுக் கணக்குகள் பயனற்றுப்போயின என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் கவனிக்க வேண்டும்.

கொள்ளைநோயின் அச்சம் இலங்கையை விட்டு அகன்று நெடுங்காலமாயிற்று. பெயர் மயக்கமோ அகலவில்லை. உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதும் நோயை எடுத்துக்கொள்ளலாம். தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் அப்பெயரால் வழங்கும் புதர்த் தைபசு, உண்ணி கடித்து வருவதன்று. புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறிய வேறோர் உயிரின் குடம்பி கடித்து வருவது. உண்ணி கடித்து வரும் புள்ளிக் காய்ச்சல் வேறு உண்டு. எலியின் தெள்ளினால் வரும் தைபசு மூன்றாவது. கடித்த இடத்தைச் சொறியும்போது தெள்ளின் எச்சம் புண்ணிற் கலந்து அது உண்டாகின்றது. மூன்றும் இலங்கையிலே மருத்துவர் அறிந்தவை. இவற்றோடு எலிக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டவர் எலித்தெள்ளினால் வருவதை நினைப்பார். அதுவோ எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் வருவது, பூச்சி எதற்கும் அதிலே பங்கில்லை. மருந்து ஒன்றாயிருக்கும் இடங்களிலும் காப்பு ஒன்றாகாது. குடம்பிக்கு அஞ்சுவோர் புதரிலே கால் வைக்குமுன் மூடிக்கொள்ள வேண்டும். உண்ணிக்கு அஞ்சுவோர் நாயின் காதுமடலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். தெள்ளுக்கு அஞ்சுவோர் நாயைப் பார்த்தது போதாது. அதன் முட்டைகள் நாயின் மேலிருந்து உதிர்ந்து, அது படுத்த சாக்கிலும் தரைத் தூசியிலும் குடம்பியாகி வளர்வதால், எலிவளையை அடைப்பதோடு சாக்கை உதறி வெயிலில் இடவும் படுக்கையிடத்தைக் கூட்டவும் வேண்டும். கற்பிட்டியிலே நாயைத் தடவிய சிறுவன் தெள்ளு என்று சொன்னால், வீட்டார் விளக்குமாற்றை எடுக்க அதுவே போதும். உண்ணி என்று அவனைத் திருத்தினால் அவர்கள் நாயின் காதைத்தான் தேடிப்பார்ப்பர்.